தங்கவயல் ஏடுகளும் ஆவணத் தரவுத்தளமும்

சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அதன் வரைபடங்களின் வேலை முடிவதில்லை. நீர் நிரம்பிய பழைய குடைவுகள் எங்குள்ளன, எந்த ஆழம் வரை பாறை அகற்றப்பட்டது, எப்பகுதி மீண்டும் நிரப்பப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை அவற்றிலேதான் உள்ளது. கட்டடம் எழுப்புவோர், குடிநீர்த் திட்டம் வகுப்போர், நில அதிர்வை ஆராய்வோர், மீண்டும் கனிமம் தேட முற்படுவோர் ஆகிய அனைவருக்கும் அவை தேவைப்படுகின்றன. இத்தகைய ஏடுகளை ஒளிவருடி மூலம் படமாக்கிக் கணிப்பொறியில் சேமிப்பது இன்று எளிதாகிவிட்டது. ஆயினும் படமாக்கியதோடு பணி நிறைவடைவதில்லை. ஒரு கோப்பு எதைப் பற்றியது, யார் உருவாக்கியது, எந்த நாளுக்குரியது என்னும் விவரங்கள் அதனுடன் சேர்ந்திருந்தால்தான் அதை ஆவணமாகப் பயன்படுத்த முடியும்.

கோப்பைப் பற்றிய இந்த விவரங்களையே 'மெட்டாடேட்டா' என்கின்றனர். 'விவரத் தரவு' என்று தமிழில் வழங்கலாம். வெவ்வேறு நிரல்கள் உருவாக்கிய கோப்புகளிலிருந்து விவரத் தரவைத் திரட்டி, ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கும் முறையைக் கோலார் தங்கவயலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தங்கவயலில் பிறந்த ஏடுகள்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநில எல்லைகளுக்கும் அருகே அமைந்தது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு நுழைந்தபின் சுரங்கத்தொழில் வேகமாக வளர்ந்தது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை மைய அரசின் பொறுப்பில் வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் ஆகிய பகுதிகளில் வாழ்ந்துவருகின்றனர்.

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பணியில் பலவகை ஏடுகள் உருவாகின்றன. ஒவ்வொரு மட்டத்துக்கும் நில அளவையாளர் வரைந்த படங்கள், தாதுவின் தரத்தைக் காட்டும் சோதனைப் பதிவேடுகள், உற்பத்திக் கணக்குகள், விபத்து அறிக்கைகள், தொழிலாளரின் மருத்துவக் குறிப்புகள் ஆகியவை எந்தச் சுரங்க நிர்வாகத்திலும் காணப்படுபவை. தங்கவயலுக்கே உரிய மற்றொரு வகையும் உண்டு. ஆழம் மிகுந்த சுரங்கங்களில் பாறையின் அழுத்தம் திடீரெனக் கட்டவிழும்போது நேரும் 'பாறை வெடிப்பு' இங்கு பல உயிர்களைக் கொண்டது. அதனால் 1912-ஆம் ஆண்டிலேயே வீக்கர்ட் வகை நில அதிர்வுமானி இங்கு நிறுவப்பட்டது. அக்கருவி புகையேற்றிய தாளின்மீது ஊசியால் கோடிட்டுப் பதிவு செய்வது. 1970-களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையுடன் அதிர்வு நிலையங்களின் வலையமைப்பு ஏற்பட்டது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தோற்றுவிக்கப்பட்டது.

அடிப்படை அறிவியலுக்கும் இச்சுரங்கங்கள் இடமளித்தன. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்களை 1965-இல் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கண்டறிந்தன. ஆகவே ஓர் ஊரின் ஏடுகளுக்குள்ளேயே வரைபடம், எண்பட்டியல், அலைப்பதிவு, நிழற்படம், எழுத்தறிக்கை என ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவங்கள் கலந்து நிற்கின்றன. இவை கணிப்பொறிக்குள் வரும்போது, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நிரல் கையாள்கிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நாளில்லா வரைபடத்தின் தீங்கு

விவரத் தரவு என்பது அலுவலக ஒழுங்குக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் உண்டு. சுரங்க வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய குடைவுகளில் தேங்கியிருந்த நீர் உடைத்துப் புகுந்து 375 பேர் மாண்டனர். பழைய குடைவு எங்கே முடிகிறது என்னும் அறிவு சுரங்கத் தொழிலாளிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்தியது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2002 ஜூலையில் குவீகிரீக் சுரங்கத்தில் நேர்ந்த விபத்து இன்னும் நேரடியான சான்றாகும். அங்கு ஒன்பது தொழிலாளர்கள், கைவிடப்பட்ட அடுத்த சுரங்கத்துக்குள் தம்மை அறியாமலே துளையிட்டு, வெள்ளத்தில் சிக்கினர். மூன்று நாட்களுக்கு மேல் போராடி ஒன்பது பேரையும் உயிருடன் மீட்டனர். நாளும் சான்றொப்பமும் இல்லாத, இறுதி நிலையைக் காட்டாத வரைபடத்தை நம்பியதே முதற்காரணம் என்று அந்நாட்டின் சுரங்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முடிவு செய்தது. வரைபடம் இருந்தது, அது எந்த நாளுக்குரியது என்னும் ஒரு வரி இல்லை.

இந்தியச் சட்டம் இதை முன்னரே உணர்ந்திருந்தது. 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள், ஒவ்வொரு வரைபடத்திலும் சுரங்கத்தின் பெயர், உரிமையாளர் பெயர், படத்தின் நோக்கம், அளவுகோல் ஆகியவை இருக்கவேண்டும் என்றன. உண்மை வடக்கையோ காந்த வடக்கையோ காட்டவேண்டும் என்றும், காந்த வடக்கானால் அது எந்த நாளுக்குரியது என்று குறிக்கவேண்டும் என்றும் பணித்தன. காந்த வடக்கு காலப்போக்கில் இடம் மாறுவது. நாள் தெரியாவிட்டால், எத்தனை நுட்பமாக வரைந்த படமும் சிறிது திரும்பியே நிற்கும். கணிப்பொறி வருவதற்கு வெகுகாலம் முன்பே நில அளவையாளர்கள் விவரத் தரவின் அருமையை அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விதியே சான்று.

தங்கவயலில் ஆழக் குடைவுகளில் இன்று நீர் நிரம்பியுள்ளது. அவற்றின் மேல் ஊர் இருக்கிறது. சயனைடு மேடுகள் என மக்கள் வழங்கும் கழிவு மண் குன்றுகளும் அருகே நிற்கின்றன. இங்கு எத்திட்டத்தை வகுத்தாலும் பழைய வரைபடத்தைப் பார்க்கவேண்டும். பார்ப்பவர் அதன் நாளை அறியவேண்டும்.

விவரம் தங்கும் இடங்கள்

அரசு அலுவலகத்தில் ஒரு தாள் வந்தவுடன் அதற்கு எண் இடப்படுகிறது. தன்பதிவேட்டில் பொருள், அனுப்பியவர், நாள் ஆகியவை பதியப்படுகின்றன. பிறகே அது எழுத்தரின் மேசைக்குச் செல்கிறது. தன்பதிவேட்டில் ஏறாத தாள் அலுவலகத்தைப் பொறுத்தவரை இல்லாத தாளே. கணிப்பொறிக் கோப்புக்கும் அத்தகைய பதிவு வேண்டும். ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. தாளின் விவரத்தை எழுத்தர் படித்து எழுதுகிறார். கணிப்பொறிக் கோப்பிலோ விவரத்தின் ஒரு பகுதி, அதை உருவாக்கிய நிரலாலேயே உள்ளே எழுதப்பட்டிருக்கிறது.

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்துக்குள் நேரம், கேமராவின் வகை, சில வேளைகளில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவையும் 'எக்ஸிஃப்' என்னும் முறையில் பதிந்திருக்கும். ஒளிவருடி தரும் படக்கோப்பில் நீளம், அகலம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பன இருக்கும். பி.டி.எஃப். கோப்பில் தலைப்பு, உருவாக்கிய நிரல், நாள் ஆகியவை இருக்கும். நில அதிர்வுக் கோப்பின் தலைப்பகுதியில் நிலையத்தின் குறியீடு, தொடங்கிய நேரம், ஒரு நொடிக்கு எத்தனை அளவீடு என்பன இருக்கும். இவற்றைப் படித்துத் தரும் நிரல்களும் உண்டு. படங்களுக்கு 'எக்ஸிஃப்டூல்', பலவகை எழுத்துக் கோப்புகளுக்கு 'அப்பாச்சி டிகா', நிலவரைபடங்களுக்கு 'ஜிடால்' ஆகியவை உலகெங்கும் இலவசமாகக் கிடைப்பவை. தரவுத்தளத்துக்குப் புறத்தே இயங்குவதால் இவை வெளி நிரல்கள் எனப்படுகின்றன.

ஆவணத் தரவுத்தளத்தின் இயல்பு

வழக்கமான தரவுத்தளம் அச்சிட்ட படிவத்தைப் போன்றது. கட்டங்கள் முன்கூட்டியே வரையப்பட்டவை. எல்லாக் கோப்புக்கும் அதே கட்டங்கள். அதிர்வுப் பதிவுக்கு 'அளவுகோல்' என்னும் கட்டம் வெறுமையாக நிற்கும். வரைபடத்துக்கு 'நிலையக் குறியீடு' வெறுமையாக நிற்கும். புதிய வகை ஏடு வந்தால் படிவத்தையே மாற்றவேண்டும்.

ஆவணத் தரவுத்தளம் இதற்கு மாறானது. ஒவ்வொரு பதிவும் தனக்கு வேண்டிய புலங்களை மட்டும் தாங்கி வரும் ஒரு முழு ஆவணமாகும். 'ஜேசன்' என்னும் எளிய எழுத்து வடிவில், புலத்தின் பெயரும் அதன் மதிப்பும் இணையிணையாக எழுதப்படுகின்றன. டேமியன் காட்ஸ் 2005-இல் தொடங்கிய 'கவுச் டி.பி.', 2009-இல் வெளிவந்த 'மாங்கோ டி.பி.' ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. பல வடிவங்கள் கலந்த ஏடுகளுக்கு இம்முறை பொருத்தமானது. எனினும் படிவம் இல்லை என்பதால் ஒழுங்கே வேண்டாம் என்று கொள்ளலாகாது. எல்லா ஏட்டுக்கும் பொதுவான சில புலங்கள் கட்டாயம் இருக்கவேண்டும். 1995-இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் நூலகர்களும் கணிப்பொறியாளரும் கூடித் தொடங்கிய 'டப்ளின் கோர்' முறை, தலைப்பு, ஆக்கியோர், பொருள், நாள், வகை, மொழி, உரிமை முதலிய பதினைந்து பொதுப் புலங்களை வகுத்துத் தந்துள்ளது. அவற்றைப் பொதுவாகக் கொண்டு, அளவுகோல், மட்டம், நிலையக் குறியீடு போன்ற சிறப்புப் புலங்களை உரிய ஏட்டுக்கு மட்டும் சேர்ப்பது நன்று.

விவரம் வந்து சேரும் வழி

இப்பணி ஐந்து படிகளாக நடைபெறுகிறது.

முதற்படி, கோப்பின் வகையை அறிதல். கோப்பின் பெயரிலுள்ள பின்னொட்டை நம்பலாகாது. பலர் அதை மாற்றிவிடுகின்றனர். கோப்பின் தொடக்கத்திலுள்ள சில எழுத்தெண்களைக் கொண்டே வகையை உறுதி செய்யவேண்டும்.

இரண்டாம் படி, கோப்புக்கு அடையாள எண் வழங்குதல். கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணித்து, 'ஷா-256' போன்ற முறையால் ஒரு சுருக்கெண் பெறப்படுகிறது. உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். இதையே பதிவின் அடையாளமாகக் கொண்டால், அதே கோப்பை இருமுறை செலுத்தினாலும் இரு பதிவுகள் உண்டாகா. ஆயினும் இவ்வெண் கோப்புக்கு உரியதே அன்றி வரைபடத்துக்கு உரியதன்று. ஒரே வரைபடத்தை இருமுறை ஒளிவருடினால் இரு சுருக்கெண்கள் கிடைக்கும். எனவே மூல வரைபடத்துக்குத் தனி எண் ஒன்று கொடுத்து, இரு கோப்புகளையும் அதனுடன் பிணைக்கவேண்டும்.

மூன்றாம் படி, வகைக்குரிய வெளி நிரலை இயக்கி அதன் விடையைப் பெறுதல். மனிதர் படிப்பதற்கான பட்டியலாக அன்றி, ஜேசன் வடிவில் விடை கேட்பது பிழையைக் குறைக்கும். கோப்புப் பெயரில் இடைவெளியோ தமிழ், கன்னட எழுத்தோ இருந்தால் கட்டளை வரி பிறழக்கூடும். பெயரைத் தனி உறுப்பாக நிரலுக்கு அளிப்பதே பாதுகாப்பானது. பழுதடைந்த கோப்பில் நிரல் முடிவின்றிச் சுழலவும் கூடும். ஆகவே கால வரம்பு விதிக்கவேண்டும்.

நான்காம் படி, பெயர் மாற்றம். ஒரு நிரல் 'உருவாக்கிய நாள்' என்பதை மற்றொன்று வேறு பெயரால் சொல்லும். அவற்றைப் பொதுப் புலங்களுக்கு மாற்றும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தேவை. அவ்வாறு மாற்றும்போது நிரல் தந்த மூல விடையையும் அப்படியே ஒரு புலத்தில் வைத்திருக்கவேண்டும். அட்டவணையில் தவறு இருந்ததாகப் பின்னர் தெரியவந்தால், கோப்புகளை மீண்டும் திறவாமலே அதைச் சீர்செய்ய இதுவே வழி. எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்நாளில் இவ்விடையைத் தந்தது என்பதும் உடனிருக்கவேண்டும்.

ஐந்தாம் படி, தரவுத்தளத்தில் இடுதல். கவுச் டி.பி.-யில் ஒரு பதிவைத் திருத்துபவர், தாம் பார்த்த திருத்த எண்ணைச் சொல்லியாகவேண்டும். இடையில் வேறொருவர் திருத்தியிருந்தால் தரவுத்தளம் ஏற்க மறுக்கும். இருவர் ஒரே பதிவை அறியாமல் அழிப்பதை இது தடுக்கிறது. ஆனால் பழைய திருத்தங்களை அது நிலையாகக் காப்பதில்லை. இடம் சுருக்கும்போது அவை நீங்கிவிடும். திருத்த வரலாறு தேவையெனில் அதைத் தனிப் பதிவாக எழுதவேண்டும். விவரம் எடுக்க இயலாமற்போன கோப்புக்கும் 'இயலவில்லை' என்னும் குறிப்புடன் பதிவு இருக்கவேண்டும். இல்லையேல் அக்கோப்பு எவர் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும்.

இயந்திரம் தரும் விவரத்தின் எல்லை

வெளி நிரல் தருவது, கோப்புக்குள் எழுதப்பட்டிருப்பதை மட்டுமே. அது உண்மையா என்பதை நிரல் அறியாது. சில இடங்களில் தவறு எளிதில் நேர்கிறது.

முதலாவது நாள். 1935-இல் வரைந்த ஒரு படத்தை 2024-இல் ஒளிவருடினால், கோப்பு சொல்லும் நாள் 2024 ஆகும். கோப்பை வேறு வட்டுக்கு நகலெடுத்தால் கடைசியாக மாற்றிய நாளும் மாறக்கூடும். படம் வரைந்த நாள், அளவை செய்த நாள், ஒளிவருடிய நாள், தரவுத்தளத்தில் சேர்த்த நாள் ஆகிய நான்கும் நான்கு புலங்கள். இவற்றை ஒரே 'நாள்' என்னும் புலத்தில் இடுவது, நாளில்லா வரைபடத்தைக் காட்டிலும் தீயது. நாளில்லாத படம் ஐயத்தை எழுப்பும். தவறான நாளுள்ள படம் நம்பிக்கையை ஊட்டும்.

இரண்டாவது நேரம். நில அதிர்வுக் கோப்புகள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் அமைகின்றன; சுரங்கத்தின் முறைப் பதிவேடு இந்திய நேரத்தில் எழுதப்படுவது. மார்ச் 2 அதிகாலை 3 மணிக்கு நேர்ந்த பாறை வெடிப்பு, அதிர்வுக் கோப்பில் மார்ச் 1 இரவு 9.30 மணிக்கு உரியதாக நிற்கும். நேர வலயத்தைக் குறிக்காவிட்டால் ஒரே நிகழ்ச்சி இரு நாட்களில் இரு நிகழ்ச்சிகளாகிவிடும்.

மூன்றாவது அளவை. பழைய ஏடுகளில் ஆழம் அடியிலும், தங்கம் ட்ராய் அவுன்ஸிலும் இருக்கும். ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம், சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம். எண்ணை மட்டும் பதிந்து அலகை விடுவது கணக்கைக் கெடுக்கும். மூல எண், மூல அலகு, மாற்றிய மதிப்பு ஆகிய மூன்றையும் பதிவதே முறை.

நான்காவது பெயர். எழுத்து நிரல் கூறும் 'ஆக்கியோர்' பெரும்பாலும் அக்கணிப்பொறியை முதலில் அமைத்தவரின் பெயராக இருக்கும். ஊர்ப் பெயர்களோ தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் பலவாறு எழுதப்படுகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிலையான குறியீடு தந்து, வழங்கும் பெயர்களையெல்லாம் அதனடியில் சேர்த்தால், எப்பெயரால் தேடினாலும் ஏடு கிடைக்கும். யூனிகோடு வருமுன் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ், கன்னடக் கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளவேண்டும்.

இக்காரணங்களால் ஒவ்வொரு மதிப்பும் யாரால் வந்தது என்பதைப் பதிவிலேயே காட்டுவது நலம். 'நிரல் தந்தது', 'அலுவலர் படத்தைப் பார்த்து எழுதியது', 'நில அளவையாளர் சரிபார்த்தது' என மூன்று நிலைகள் போதும். எடுத்துக்காட்டாக, ஒரு வரைபடப் பதிவில் புள்ளி அடர்த்தியும் ஒளிவருடிய நாளும் முதல் நிலையில் இருக்கும். சுரங்கத்தின் பெயர், மட்டம், அளவுகோல், வரைந்த நாள் ஆகியவை இரண்டாம் நிலையில் இருக்கும். குடைவின் எல்லை இறுதியானதா என்பது மூன்றாம் நிலையை அடைந்த பின்னரே பயன்பாட்டுக்கு உரியதாகும். படத்தில் நாள் இல்லையெனில், ஊகித்து எழுதாமல் 'படத்தில் நாள் இல்லை' என்றே பதியவேண்டும்.

அலுவலகங்கள் செய்யத்தக்கவை

சட்டங்களும் இப்பணியை வலியுறுத்துகின்றன. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், மைய அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆவண அலுவலரை நியமிக்கவேண்டும் என்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆவணங்களைப் பட்டியலிட்டு, அகரவரிசைப்படுத்தி, உரியவற்றைக் கணிப்பொறியில் ஏற்றுமாறு பொது அதிகார அமைப்புகளைப் பணிக்கிறது. அதே வேளையில், தொழிலாளரின் மருத்துவக் குறிப்புகள் தனிமனிதருக்குரியவை. 'உரிமை' என்னும் புலத்தில் யார் பார்க்கலாம் என்பதை முதல் நாளிலேயே குறித்துவிடவேண்டும்.

தொடக்கத்தில் எல்லா ஏட்டையும் எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. மக்கள் வாழும் இடத்தின் அடியில் உள்ள குடைவுகளின் வரைபடங்கள் முதலில் வரவேண்டும். அதிர்வுப் பதிவுகளும் விபத்து அறிக்கைகளும் அடுத்து வரலாம். உற்பத்திக் கணக்குகள் பிறகு வரலாம். நூறு வரைபடங்களை மட்டும் முன்மாதிரியாக எடுத்து, ஐந்து படிகளையும் கடந்து, அவற்றுள் எத்தனைக்கு வரைந்த நாள் கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தாலே எஞ்சிய பணியின் அளவு விளங்கிவிடும்.

இதற்கான நிரல்கள் பெரும்பாலும் விலையின்றிக் கிடைப்பவை. விலைமிக்கது மனித அறிவு. பழைய வரைபடத்தின் குறியீடுகளைப் படிக்கவும், எந்த ஷாஃப்ட் எப்பெயரால் வழங்கிற்று என்று சொல்லவும் வல்ல நில அளவையாளரும் மூத்த தொழிலாளரும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றனர். சுரங்கம் மூடப்பட்டபோது முப்பது வயதில் இருந்தவர் இன்று ஓய்வு பெறும் பருவத்தை நெருங்கிவிட்டார். கோப்பிலிருந்து நிரல் எடுக்கக்கூடிய விவரத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அம்மனிதர்களிடம் உள்ள விவரத்துக்கு அத்தகைய அவகாசம் இல்லை. ஆகவே தரவுத்தளத்தின் இரண்டாம், மூன்றாம் நிலைப் புலங்களை அவர்கள் துணையுடன் இப்போதே நிரப்பத் தொடங்குவது தங்கவயலுக்கும், மூடப்பட்ட பிற சுரங்கங்களின் ஊர்களுக்கும் பாதுகாப்பான வழியாகும்.